ஏரிக்கரையில் வெட்டப்பட்ட காட்சி

பேய்ப்படங்களைப் பற்றிக் குடும்ப இதழுக்கு எழுதப் போகிறோம் என்றதும் நம் இல்லத்தரசியார் முகம் சுளித்தார். இரவு செபமாலை முடிந்து, மாதா சுரூபத்தின் முன் ஏற்றிய மெழுகுதிரி அணையும் முன்னரே அப்பேச்சை எடுத்தது நம் பிழைதான். "எழுதுங்கள், ஆனால் அஞ்சலில் சேர்க்கும் முன் நான் ஒருமுறை படித்துப் பார்ப்பேன்" என்றார். அந்த நிபந்தனைக்கு உட்பட்டே இதை எழுதுகிறோம்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுவது நலம். 2025ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகன் தன் குடும்பத்துடன் வந்திருந்தான். பதின்மூன்று வயதுப் பேத்தி வந்த மறுநாளே, "தாத்தா, பிராங்கன்ஸ்டைன் படம் பார்க்கலாமா? என் தோழிகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்" என்று தொடங்கினாள். மெக்சிகோ நாட்டு இயக்குநர் கியேர்மோ டெல் டோரோ எடுத்து, அவ்வாண்டு நவம்பரில் நெட்பிளிக்ஸ் வழியாக வீடுகளுக்குள் வந்த புதிய படத்தையே அவள் குறிப்பிட்டாள். அதில் இரத்தக் காட்சிகள் மிகுதி என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆகவே, "முதலில் 1931இல் வந்த பழைய படத்தைப் பார். மற்றதைப் பிறகு உன் அப்பாவிடம் கேட்டுக்கொள்" என்றோம். கறுப்பு வெள்ளை என்றதும் உதட்டைப் பிதுக்கினாள். எழுபது நிமிடத்துக்குச் சற்றே மேல்தான் ஓடும் என்றதும் ஒப்புக்கொண்டாள். "பார்ப்பதற்கு ஐஸ்கிரீம் உண்டா?" என்று கேட்டுவிட்டு, தானே "அப்பா விடமாட்டார்" என்று முடித்துக்கொண்டாள். பிள்ளையின் தொண்டையைப் பற்றி நம் மகனுக்கு என்றுமே மிதமிஞ்சிய கவலை.

இப்படங்களின்மேல் நமக்குப் பழைய பற்று உண்டு. அறுபதுகளின் இறுதியில் கல்லூரி மாணவராய் இருந்தபோது, திரைப்படக் கழகம் ஒன்றில், சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில், படக்கருவியின் கரகர ஓசைக்கிடையே இவற்றைக் கண்டோம். விடுதிக்குத் திரும்பும் வழியில் இருந்த புளியமரத்தைக் கடக்க நண்பர் நால்வர் கைகோர்த்து நடந்தோம். அந்நால்வரில் மிக அதிகமாக நடுங்கியவர் பின்னாளில் குருவானவராகி, எத்தனையோ கல்லறைகளை அஞ்சாமல் மந்திரித்தார்.

பழைய பயங்கரப் படங்களை விரும்புவோர் இருவர் கூடினால் பேச்சுக்குக் குறைவிராது. 1931இல் அமெரிக்காவின் யூனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட 'டிராகுலா'வை எடுத்துக்கொள்வோம். பகலில் ஆங்கிலப் படம் எடுக்கப்பட்ட அதே அரங்குகளில், இரவில் வேறு நடிகர்கள் வந்து அதே கதையை ஸ்பானிய மொழியில் நடித்தனர். இரவுக் குழுவினரின் படமே மேலானது என்போர் இன்றும் உளர். காமிரா நகர்வதைப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் பேலா லுகோசியின் கண்கள் அதில் இல்லையே! லுகோசி 1956இல் இறந்தபோது டிராகுலாவின் கறுப்பு மேலங்கி அணிவிக்கப்பட்டே அடக்கம் செய்யப்பட்டார். அவர் துயிலும் இடம் கலிபோர்னியாவில் உள்ள திருச்சிலுவைக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம். சிலுவையைக் கண்டால் முகத்தை மறைத்து ஒதுங்கும் வேடத்தால் புகழ் பெற்றவர், சிலுவையின் பெயர் தாங்கிய மண்ணில் உறங்குகிறார்!

மற்றொன்று, ஜெர்மானியர் முர்னாவ் 1922இல் எடுத்த 'நோஸ்பெராட்டு' என்னும் ஊமைப்படம். டிராகுலா நாவலை அனுமதியின்றிப் படமாக்கியதாக நாவலாசிரியரின் விதவை வழக்குத் தொடுத்தார். படச்சுருள்களையெல்லாம் அழித்துவிடும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தப்பிய சில பிரதிகளால் படம் பிழைத்தது. 1995இல், திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டபோது, கலைச் சிறப்புக்கான பிரிவில் இந்த இரத்தக் காட்டேரியும் இடம் பெற்றது. இதை எடுத்துச் சொன்ன பிறகே நம் இல்லத்தரசியாரின் முகம் சற்றுத் தெளிந்தது.

பேத்தியோடு பார்த்த படத்துக்கு வருவோம். மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலப் பெண்மணி பதினெட்டாம் வயதில் எழுதத் தொடங்கி, 1818இல் வெளியிட்ட கதை அது. பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவத்தைச் செய்து, அதற்கு உயிரூட்டுகிறான் ஓர் இளம் விஞ்ஞானி. பிராங்கன்ஸ்டைன் என்பது அவ்விஞ்ஞானியின் பெயர். உலகம் முழுவதும் அப்பெயரை அரக்கனுக்கே சூட்டிவிட்டது. உண்மையில் அவ்வுருவத்துக்குப் பெயரே இல்லை. பெற்றவன் போலிருந்தவன் அதற்கு ஒரு பெயர்கூட இடாமல் கைவிட்டான். பெயரிடாத பிள்ளை ஒன்று வீட்டில் இருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

படத்தை இயக்கியவர் ஜேம்ஸ் வேல் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாய் இருந்தவர். அரக்கனாக நடித்தவர் போரிஸ் கார்லாஃப். இது புனைபெயர். லண்டனில் 1887இல் பிறந்த வில்லியம் ஹென்றி பிராட் என்பதே இயற்பெயர்; அவருடைய தந்தை ஆங்கில ஆட்சியில் இந்திய உப்பு வரித்துறையில் பணிபுரிந்தவர். நாற்பது வயது கடந்தும் சிறு வேடங்களில் உழன்றுகொண்டிருந்தவருக்கு இப்படத்தால் வாழ்வு வந்தது. ஆயினும் படத் தொடக்கத்தில் நடிகர் பட்டியல் வரும்போது அவர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறிதான் இருக்கும்! ஜாக் பியர்ஸ் என்னும் ஒப்பனைக் கலைஞர் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அவர் முகத்தில் வேலை செய்தார். கண் இமைகளின்மேல் மெழுகு படிந்தது. கார்லாஃப் தம் கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டார். ஒரு பக்கக் கன்னம் குழி விழுந்தது. இத்தனைக்கும் அடியில் அந்தக் கண்கள் மட்டும் மனிதக் கண்களாகவே இருந்தன. இன்றைய படங்களில் காதைத் துளைக்கும் பின்னணி இசை இப்படத்தில் அறவே இல்லை. நிசப்தத்தில் கேட்கும் கனத்த காலடிதான் அச்சம் தருகிறது. பேத்தி தன் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டாள் என்பதை நாம் ஓரக்கண்ணால் கவனித்தோம்.

ஏரிக்கரைக் காட்சி வந்தது. இதைப் பற்றிச் சொல்லத்தான் பேனாவை எடுத்தோம்.

மரியா என்னும் சிறுமி கரையில் தனியே விளையாடிக்கொண்டிருக்கிறாள். அரக்கன் புதரை விலக்கிக்கொண்டு வருகிறது. சிறுமி அஞ்சவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்துப் பூக்களைப் பகிர்ந்து கொடுக்கிறாள். இருவரும் ஒவ்வொரு பூவாகத் தண்ணீரில் எறிகிறார்கள். பூக்கள் படகு போல் மிதக்கின்றன. அரக்கனின் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு. கைப்பூக்கள் தீர்ந்துபோகின்றன. வெறுங்கையைப் பார்க்கிறது, சிறுமியைப் பார்க்கிறது, இரு கைகளையும் அவளை நோக்கி நீட்டுகிறது.

கல்லூரி நாளில் நாம் பார்த்த பிரதியில் காட்சி இவ்விடத்தில் அறுந்துவிட்டது. அடுத்துச் சற்று நேரத்தில், சிறுமியின் உயிரற்ற உடலைக் கைகளில் ஏந்தித் தந்தை ஊர் வீதிவழியே நடந்து வருகிறார். இடையில் நடந்தது என்ன? விடுதியில் விளக்கணைந்த பின்னும் அதைப் பற்றியே பேசினோம். இளைஞர் மனம் எவ்வளவு கொடியவற்றைக் கற்பிக்குமோ அவ்வளவையும் கற்பித்தோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் எத்தனையோ பேர் அந்த அறுந்த படத்தைப் பார்த்து, நம்மைப் போலவே எண்ணியிருப்பார்கள்.

வெட்டப்பட்ட பகுதி 1980களில் மீட்கப்பட்டுப் படத்தோடு சேர்க்கப்பட்டது. இப்போது பேத்தி கண்டது முழுக் காட்சியை. அரக்கன் சிறுமியைத் தூக்கி, பூவை எறிந்தது போலவே தண்ணீரில் எறிகிறது. அவள் மிதக்கவில்லை. அது பதறுகிறது, தண்ணீரைக் கைகளால் துழாவுகிறது, கைகளைப் பிசைந்துகொண்டு காட்டுக்குள் தடுமாறி ஓடுகிறது. அவ்வளவே.

பேத்தி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா, அவளும் மிதப்பாள் என்று நினைத்துவிட்டான், பாவம்" என்றாள். நாம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக 'அது' என்றே சொல்லி வந்தோம். அவள் ஒரே பார்வையில் 'அவன்' என்றாள்.

யார் அக்காட்சியை வெட்டினார்கள் என்று கேட்டால், சற்றுத் தயக்கத்துடனேதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனெனில் அக்கத்தரிக்கோல் நம்மவர் கையையும் எட்டுகிறது. 1931இலேயே அமெரிக்க மாநிலத் தணிக்கைக் குழுக்கள் சில அதை நீக்கின. அதற்கு முந்திய ஆண்டில் திரைப்படத் துறை ஓர் ஒழுக்க விதித்தொகுப்பை ஏற்றிருந்தது. அதை வரைந்தவர்கள் கத்தோலிக்கப் பத்திரிகையாளர் மார்ட்டின் குவிக்லியும், சேசு சபைக் குரு தானியேல் லார்டும். 1934இல் ஆயர்களின் முயற்சியால் அமெரிக்காவில் 'ஒழுக்கச் சேனை' பரவியது; தீய படங்களைப் பார்ப்பதில்லை என்று மக்கள் கோவில்களில் எழுந்து நின்று வாக்குறுதி அளித்தனர். அவ்வாண்டு முதல் ஜோசப் பிரீன் என்னும் கத்தோலிக்கர் அவ்விதிகளைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தினார். பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1936இல் வெளியிட்ட சுற்றுமடலில் அச்சேனையைப் பாராட்டினார். முப்பதுகளின் இறுதியில் 'பிராங்கன்ஸ்டைன்' மீண்டும் திரைக்கு வரும்போது அவ்விதிகளுக்கு உட்பட வேண்டியதாயிற்று. ஏரிக்காட்சியின் முடிவு போயிற்று. உயிரூட்டிய களிப்பில் விஞ்ஞானி தன்னைக் கடவுளுக்கு ஒப்பிட்டுக் கூவும் சொற்கள் இடியோசையால் மூடப்பட்டன.

அவர்களை ஏளனம் செய்ய நமக்கு மனமில்லை. பிள்ளைகளின் கண்ணில் எதைப் படவிடுவது என்று கவலைப்பட யாரேனும் இருக்கத்தான் வேண்டும். இன்று அப்படி ஒருவரும் இல்லாததைக் காண்கிறோம். கார்லாஃபுக்கே அச்சிறுமியைத் தூக்கி எறிவதில் உடன்பாடில்லை. ஆனால் இந்த ஓரிடத்தில் கத்தரிக்கோல் செய்த வேலையைப் பாருங்கள். கொடுமையை மறைப்பதாக எண்ணி அறியாமையை மறைத்துவிட்டது. எஞ்சி நின்றது கொலைகாரனின் நீட்டிய கை.

அரக்கனின் முழு ஒப்பனையில் நின்ற கார்லாஃபைக் கண்டு பெரியவர்களே விலகி நிற்க, மரியாவாக நடித்த சிறுமி மட்டும் ஓடிச் சென்று அவர் கையைப் பற்றி, ஏரிக்கரைக்குப் போகும் காரில் உடன் வரலாமா என்று கேட்டாளாம். இதைச் சொன்னதும் பேத்தி கைதட்டினாள். மகன் அதற்கு முன்பே எழுந்து வெளியே போயிருந்தான்.

பெண்கள் உறங்கிய பின், திண்ணையில் அவனருகே அமர்ந்தோம். இனிச் சொல்வது நம் வீட்டுக் கதை. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

1983ஆம் ஆண்டு மழைக்காலம். அவனுக்கு ஏழு வயது. அவன் தங்கைக்கு மூன்று. சிறுமிக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் வலிப்பு. மருத்துவமனையில் நான்காம் நாள் விடியற்காலையில் ஆண்டவர் அழைத்துக்கொண்டார். மூளைக்காய்ச்சல் என்றார் மருத்துவர். வயல் நீரில் பெருகும் கொசுவால் பரவுவது, நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை என்றும் சொன்னார். மகனை முன்பே அவன் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அடக்கத்துக்கு அழைத்து வரவில்லை. சிறு பிள்ளை பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள், நாமும் ஒப்பினோம். பத்து நாள் கழித்து வந்தவனிடம், "பாப்பா சம்மனசாகிவிட்டாள்" என்றோம். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நல்லவேளை, பிள்ளை மறந்துவிட்டான் என்று ஆறுதல் அடைந்தோம். அவள் படத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம்.

"அப்பா, பாப்பாவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்திய நாள் நான் அவளுக்குச் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்" என்றான் மகன். தெருவில் மிதிவண்டியில் வந்த ஐஸ்காரரிடம் வாங்கினானாம். அவள் முழுவதையும் தின்று, குச்சியையும் சப்பிக்கொண்டிருந்தாளாம். "ஐஸ் தின்றால் காய்ச்சல் வரும் என்று நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். அத்தை வீட்டில் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எப்படி இறந்தாள் என்று யாரும் சொல்லவில்லை. என்மேல் உள்ள கோபத்தால்தான் சொல்லவில்லை என்று எண்ணினேன்."

"எத்தனை நாள் அப்படி எண்ணினாய்?"

"வளர்ந்த பிறகு அறிவுக்குத் தெரிந்தது, ஐஸ் தின்று யாரும் சாவதில்லை என்று. ஆனால் என் மகளுக்கு இன்றுவரை நான் ஒரு ஐஸ்கூட வாங்கிக் கொடுத்ததில்லை."

பேத்தியின் தொண்டையைப் பற்றிய கவலை என்று நாம் பல முறை கேலி செய்திருக்கிறோம்.

நோயின் பெயர், அந்த நான்கு நாட்கள், கொசு, மருத்துவர் சொன்ன சொல், இரண்டாம் நாள் வலிப்பு வருமுன் "அண்ணன் எங்கே?" என்று அவள் கேட்டது — எல்லாவற்றையும் அந்தத் திண்ணையில் ஒவ்வொன்றாகச் சொன்னோம். நாற்பத்திரண்டு ஆண்டு பிந்திவிட்டது. அவன் இடையிடையே சிறு பிள்ளை போல் கேள்விகள் கேட்டான். எந்தச் சட்டை போட்டு அடக்கம் செய்தீர்கள் என்றும் கேட்டான்.

மறுநாள் இரவு இரண்டாம் படத்தையும் போட வேண்டும் என்று பேத்தி பிடிவாதம் பிடித்தாள். 1935இல் அதே ஜேம்ஸ் வேல் எடுத்த 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்' முந்தியதைவிடச் சிறந்தது என்பது இரசிகர் பலரின் கருத்து. நமக்கும் அதில் ஐயமில்லை. ஊரார் துரத்த, காயத்துடன் காட்டில் அலையும் அரக்கன் ஒரு குடிசையிலிருந்து வரும் வயலின் ஓசையைக் கேட்கிறான். ஷூபர்ட்டின் 'ஆவே மரியா' இசை அது. உள்ளே தனியே வாழும் முதியவருக்குக் கண் தெரியாது. ஆகவே வந்தவனின் முகம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. உணவு கொடுக்கிறார், படுக்க வைக்கிறார், தனிமையில் வாடிய தனக்கு ஒரு நண்பனை அனுப்பியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி அவன் மார்பின்மேல் சாய்ந்து அழுகிறார். அரக்கனின் கண்ணிலிருந்தும் நீர் வழிகிறது. காட்சி இருண்டு மறையும்போது சுவரில் உள்ள பாடுபட்ட சுரூபம் மட்டும் ஒரு கணம் அணையாமல் ஒளிர்கிறது. பிரீனின் அலுவலகம் முழு விழிப்புடன் இருந்த காலத்தில் எடுத்த படம் இது. ஒழுக்கச் சேனையின் கத்தரிக்கோலைப் பற்றிச் சொன்ன நாம், அவர்கள் தொடாமல் விட்ட இதையும் சொல்ல வேண்டும் அல்லவா? இவ்வளவு பக்தியான ஒரு காட்சியை நாம் பக்திப் படங்களிலும் அதிகம் கண்டதில்லை.

டெல் டோரோ தம் சிறு வயதில் ஞாயிறு திருப்பலிக்குப் போய்வந்து, தொலைக்காட்சியில் முதல் படத்தைக் கண்டதாகவும், கார்லாஃபின் முகம் அன்றே தம்மை ஆட்கொண்டதாகவும் கூறியிருக்கிறார். புதிய படத்தைப் பார்ப்பதா என்பது பேத்திக்கும் அவள் தந்தைக்கும் இடையே இன்னும் தீராத வழக்கு. ஊருக்குத் திரும்பும் நாளில் பேருந்து நிலையத்தில் அவன் அவளுக்கு ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்ததை மட்டும் பார்த்தோம். அவள் வியப்புடன் நம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

எழுதி முடித்து, ஒப்பந்தப்படி தாள்களை இல்லத்தரசியாரிடம் கொடுத்தோம். திண்ணையில் மகன் சொன்னதை அவரிடம் சொல்லும் துணிவு நமக்கு வராததால், இந்தத் தாள்களின் வழியாகவே அவர் அதை அறிந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார். பேய்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சேமியா ஐஸ் என்று எழுதியிருந்த இடத்தின் கீழ்ப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்: "பாப்பா கேட்டு அழுதாள். காசு கொடுத்து அவனை அனுப்பியவள் நான்."

பிறகு, மகனைத் தொலைபேசியில் அழைத்துத் தரும்படி கேட்டார்.